வால்வா ரிங்கா

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் லாரி ஷெட்டில்தான் கிடந்தேன். வெட்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நிற்கிற நீளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் வெட்கப்படவில்லை என்று தெரியும். கையெழுத்துப் போடப் பழகுவதற்கு முன்னாலேயே வால்வு உட்காரவைக்கப் பழகியவன் நான். எண்பதுகளின் ஆரம்பத்தில் இந்தப் பக்கத்தில் என்னைப்போல் வால்வு உட்காரவைக்க ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லியிருக்க வேண்டியவர் சொல்லவில்லை.

வால்வு என்பது இஞ்சினுடைய தலைப்பக்கத்தில் திறந்து மூடுகிற கதவு. பெட்ரோலும் காற்றும் ஒன்றின் வழியாக உள்ளே வரும், புகை இன்னொன்றின் வழியாக வெளியே போகும். கதவு நிலையில் ஒட்டாமல் நின்றால் இஞ்சினுக்குள் அழுத்தம் நிற்காது. பசையைத் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, மத்துக் கடைவதுபோல் கடைந்து கடைந்துதான் அதை உட்காரவைக்க வேண்டும். கை தேயும். நான் கடைந்து முடித்த தலையைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றினால் மறுபக்கம் ஒரு சொட்டு இறங்காது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அப்படியே ஊற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவேன்.

ஷெட் எனக்கு மட்டும் சொந்தமில்லை. என் மனைவியின் அண்ணனும் நானும் சேர்ந்து போட்டது. அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை. இஞ்சினின் மேல் பாதி என்னுடையது, வால்வு, கார்புரேட்டர், கரண்டு எல்லாம். கீழ்ப் பாதி அவருடையது, பிஸ்டன், அழுத்தம் கீழே கசியாமல் அதைச் சுற்றிப் போடுகிற ரிங்குகள், கிராங்கு. என் கல்யாணத்துக்கு முன்னாலேயே இருவரும் பேசிப் பிரித்துக்கொண்டது இது.

ஆனால் ஊரில் பேர் அவருக்குத்தான். காரணம் அவருடைய காது. நீளமான திருப்புளியின் நுனியை ஓடுகிற இஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். இடது கையை மேலே தூக்குவார். அந்தக் கை தூக்கினால் பக்கத்து டீக்கடையில் ரேடியோவைக் குறைப்பார்கள். கூட்டம் மூச்சு விடாமல் நிற்கும். பிறகு கண்ணைத் திறந்து, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என்னதான் இருந்தாலும் காது அவருடைய காது. அது அவர் பக்கம் பேசாமல் வேறு யார் பக்கம் பேசும்?

ராயகிரியில் நெல்வயலும் தோப்பும் உள்ள ஒருவர் ஒரு பழைய பெட்ரோல் பிளசர் வைத்திருந்தார். எங்கள் பக்கம் அப்போது காரைப் பிளசர் என்றுதான் சொல்வோம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் அந்த வண்டி இஞ்சின் வேலைக்கு வந்தது. சிலிண்டர்களைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பிப் பெரிதாக்கி, அந்த அளவுக்குப் புது பிஸ்டனும் புது ரிங்கும் போட வேண்டும். தபசுக்குச் சொந்தக்காரர்களைக் கூட்டிவர வண்டி கட்டாயம் வேண்டும் என்று அவர் ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். நான் தலையை முடித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் காட்டிவிட்டு, குருவிகுளம் பக்கம் ஒரு டிராக்டர் படுத்துவிட்டது என்று போய்விட்டேன். மச்சான் ரிங்கு போட்டது அன்றைக்குத்தான். திரும்பி வந்தபோது கீழ்ப் பாதி மூடியிருந்தது. தலையை ஏற்றி இறுக்கினேன். வண்டி தபசுக்குப் போயிற்று.

தபசு முடிந்த கையோடு ராயகிரிக்காரரின் டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வண்டி இழுக்கு அண்ணாச்சி" என்றார்.

எங்கள் பேச்சில் இழுக்கு என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனையோ கிடக்கும். மாடு நன்றாக இழுக்கு என்றால் அது பாராட்டு. வண்டி இடது பக்கம் இழுக்கு என்றால் சக்கரத்தில் கோளாறு. கிழவருக்கு இழுக்கு என்றால் மூச்சு முட்டுகிறது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி விடலாம் என்று அர்த்தம். என் மகள் பள்ளிக்கூடப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கும்போதுதான் புத்தகத் தமிழில் இழுக்கு என்றால் அவமானம் என்று நான் தெரிந்துகொண்டேன். டிரைவர் சொன்னது மூச்சு. மேட்டில் ஏறும்போது வண்டி ஆஸ்துமாக்காரரைப்போல் இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மச்சான் அதைச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்க முன் சக்கரங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்கவில்லையா என்று எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சக்கரத்தில் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு கார்புரேட்டர் என்றார் மச்சான். அது என் பாதி. கழற்றிக் கழுவி மாட்டினேன். வண்டி அப்படியேதான் இழுத்தது. பின்னால் நீலப் புகை வந்தது. கேட்டதற்குப் புது ரிங்கு பழகுகிற வரைக்கும் அப்படித்தான் புகையும் என்றார். அதுவும் எங்கள் தொழிலில் பொய்யில்லை. திருப்புளியை வைத்துக் கண்ணை மூடினார். கையைத் தூக்கினார். ரேடியோ குறைந்தது. அவர் கண்ணைத் திறந்து, பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் பார்ப்போம் என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

விஷயம் எனக்கு டிரைவர் மூலமாகத்தான் வந்தது. மச்சான் ராயகிரிக்காரரிடம் டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார். டிரைவர் அதை அப்படியே என்னிடம் சொன்னார்.

"மாப்ள வால்வு உக்கார வச்சதுல கொஞ்சம் அவசரப்பட்டுட்டாருன்னு சொல்லுதாரு. உங்க மேல கோவமில்ல, வயசு அப்படின்னாரு."

எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. வயசு அப்படியாம். நான் தலையை முடித்து மண்ணெண்ணெய் ஊற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். இரண்டு நாளைக்குள் பேச்சு ஊரில் பரவிவிட்டது. வால்வு வேலைக்கு வருவதாக இருந்த ஒரு லாரிக்காரர், புளியங்குடியிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினார். இந்தக் கை ஒன்றைத் தவிர எனக்குப் படிப்பு, பத்திரம், பாட்டன் சொத்து ஒன்றும் கிடையாது. அந்தக் கையைத்தான் அவர் விற்றிருந்தார்.

சண்டை போட்டிருக்கலாம். போட்டால் ஊர் யாரை நம்பும் என்று தெரியும். காதை நம்பும். காதுக்கு மேலே ஒரு சாமான் வேண்டும் என்று நினைத்தேன். மதுரையில் லாரி கிளீனராகக் கிடந்த காலத்தில் பெரிய ஷெட் ஒன்றில் பார்த்திருக்கிறேன். கம்ப்ரஷன் கேஜ் என்பார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கேஜைத் திருகி, ஸ்டார்ட்டரைச் சுற்றினால் உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று முள் காட்டும். குறைவாகக் காட்டினால் அந்த ஓட்டை வழியாக ஒரு கரண்டி இஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். ஆயில் பிஸ்டனைச் சுற்றித் தேங்கி ரிங்கு ஓரத்து இடுக்கை அடைக்கும். முள் ஏறினால் கோளாறு ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில். இஞ்சினைப் பிரிக்காமலே வால்வா ரிங்கா என்று சொல்ல அப்போது அதை விட்டால் வேறு வழியில்லை.

அந்தச் சாமானைத் தேடி நான் அலைந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. திருநெல்வேலியில் ஒரு கடையில் கேட்டால் டயருக்குக் காற்றுப் பார்க்கிற கேஜை நீட்டினார்கள். ராஜபாளையத்தில் கம்ப்ரஷன் கேஜ் என்று வாயைத் திறந்து தெளிவாகத்தான் கேட்டேன். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் மாட்டுகிற வட்டக் கேஜைத் துடைத்து வைத்து, அளவு சரியா பாரும் என்றார்கள். தனியார் பஸ் ஷெட் ஒன்றில் நிஜமாகவே இருந்தது. ஆனால் அது டீசல் இஞ்சினுக்கானது. பெட்ரோல் இஞ்சினில் வைத்தால் முள் எழுந்து உட்காரக்கூட மாட்டாது, திருகுகிற மரையும் சேராது. சாமான் இல்லாத ஊரில் காது உள்ளவன்தான் ராஜா.

கடைசியில் கடையநல்லூரில் ஒரு பாய் இருக்கிறார், வளைகுடாவில் கார் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு வந்துவிட்டார், பெட்டி நிறையச் சாமான் வைத்திருக்கிறார் என்று ஒரு பஸ் டிரைவர் சொன்னார். போனேன். தறிச் சத்தம் கேட்கிற தெருவில் வீடு. பாய் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். சேமியாப் பாயசம் கொடுத்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். எழுந்துபோய்க் கைலித் துணியில் சுற்றிய ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தார். அத்தர் வாசனை அடித்தது. உள்ளே கேஜ், ரப்பர்க் குழாய், வேறு வேறு மரைக்கான பித்தளை மூக்குகள். நான் பித்தளை மூக்குகளில் எங்கள் பிளக் ஓட்டைக்குச் சேருவதைக் கண்ணாலேயே பார்த்து எடுத்தேன். பாய் சிரித்தார். அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது.

"ரிங்கு போட்டது யாரு?"

"என் சம்சாரத்தோட அண்ணன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெட்டியை மூடினார். இல்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வளைகுடாவில் தன்னோடு வேலை பார்த்த ஓர் ஆள்மேல் பழியைப் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், அப்போது இந்தக் கேஜ் பக்கத்தில் இருந்தும் அதை வைத்துப் பார்க்க யாரும் விடவில்லை என்றும் சொன்னார். அந்த ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"கொண்டு போவும். ஆனா ஆளில்லாத நேரமாப் பாத்து வச்சுப் பாரும். விஷயம் சொந்தத்துக்குள்ள இருக்கு."

நல்ல மனுஷர். ஆனால் ஆளில்லாத நேரத்தில் பார்த்து எனக்கு என்ன பிரயோஜனம்? பழியை ஆளில்லாத நேரத்திலா போட்டார்கள்? டீக்கடையில் போட்டார்கள்.

ராயகிரிக்காரரையும் வரச்சொல்லி ஆள் விட்டேன். அவர் வந்து ஷெட் பெஞ்சில் உட்கார்ந்தார். டிரைவர் வண்டிக்குள். டீக்கடையிலிருந்து வழக்கமான கூட்டம். மச்சான் வேறொரு வண்டியின் கீழே படுத்திருந்தவர், கேஜைப் பார்த்ததும் வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். என்ன சாமான் இது என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் அப்போது கவனித்தேன்.

இஞ்சினைச் சூடு பண்ணி பிளக்குகளைக் கழற்றினேன். டிரைவரை ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி ஸ்டார்ட்டரைச் சுற்றவைத்தேன். முதல் சிலிண்டரில் முள் ஏறி நின்றது. இரண்டாவதிலும் ஏறி நின்றது. மூன்றாவதில் பாதி தூரம் போய்த் தலையைத் தொங்கப் போட்டது. நான்காவது சரி. கூட்டத்தில் ஒருவர், ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல், மூணாவது கட்டிலுக்குத்தான் காய்ச்சல் என்றார். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரைக்கும் அது என் வால்வாகவும் இருக்கலாம். மூன்றாவது ஓட்டையில் ஒரு கரண்டி ஆயிலை ஊற்றினேன். கேஜைத் திரும்பத் திருகினேன்.

முள் ஏறியது. மற்றவற்றுக்குச் சமமாக வந்து நின்றது.

மச்சான் என் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தார். கேஜைப் பார்ப்பதுபோல்தான் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். என் காதில் மட்டும் விழுகிற மாதிரிப் பேசினார்.

"மாப்ளே, கேஜைக் கழட்டும். முள்ளு ஏறலன்னு சொல்லும். ராத்திரி நாமளே பிரிச்சு மாத்திப் போட்டுருவோம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சக்கரம், கார்புரேட்டர், பார்ப்போம் என்ற சொல், எல்லாம். அவருக்கு முதல் நாளே தெரியும். கோளாறு தெரியாமல் என்மேல் சந்தேகப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொண்டே என் கையைக் காட்டிக் கொடுத்தார். இப்போது அதே கை அவருக்காக ஒரு பொய்யையும் சொல்ல வேண்டுமாம்.

பெஞ்சிலிருந்து ராயகிரிக்காரர் குரல் கொடுத்தார்.

"என்ன வே, முள்ளு என்ன சொல்லுது?"

"ரிங்கு, அண்ணாச்சி" என்றேன். "வால்வுல ஒண்ணுமில்ல. ரிங்குதான்."

"புது ரிங்குலா போட்டீங்க?"

பிரித்துப் பார்ப்போம் என்றேன். எல்லாரும் இருக்கும்போதே பிரித்தோம். நான்தான் பிரித்தேன், மச்சான் தொடவில்லை. மூன்றாவது பிஸ்டனில் மேலே இருந்த இரண்டு ரிங்குகளும் கறுத்துத் தேய்ந்த பழைய ரிங்குகள். பெரிதாக்கிய சிலிண்டருக்குள் சின்ன அளவு ரிங்கு, பெரியவர் சட்டைக்குள் நுழைந்த பிள்ளை மாதிரி கிடந்தது. ராயகிரிக்காரர் எழுந்து வந்து பார்த்தார். அவருக்கு இஞ்சின் தெரியாது, ஆனால் பழையதும் புதியதும் தெரியும்.

மச்சான் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"போடும்போது ஒண்ணு ஒடிஞ்சிட்டு. அந்த ஆத்திரத்துல அடுத்ததையும் ஒடிச்சிட்டேன். திருநெல்வேலியில கேட்டா சில்லறையாத் தர மாட்டானாம், செட்டாத்தான் தருவானாம். தபசுக்கு வண்டி வேணும்னு இவரு கழுத்துல உக்காந்திருந்தாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா மச்சான்."

"சொன்னா வண்டிய விட்டிருப்பீரா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"பொறவு என்னத்துக்குச் சொல்ல."

திருப்புளியை எடுத்து ஆணியில் மாட்டினார். சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். சாப்பிடப் போகிறார் என்றுதான் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. தன் சாமான்களை எடுக்க ஆள்தான் வந்தது. புளியங்குடியில் வேறு ஒருவரோடு சேர்ந்துகொண்டார். அங்கே போனதும் காது பழையபடி கேட்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நான் புது ரிங்கு வாங்கி, கீழ்ப் பாதி வேலையும் நானே செய்து வண்டியை அனுப்பினேன். கீழ்ப் பாதி அவருக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தவர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கேஜைக் கடையநல்லூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வாங்கி மறுபடி கைலித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

வீட்டில் என் மனைவி கேட்டாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் சண்டையாகப் பேசவில்லை, சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"உங்க முள்ளு ஏறுச்சு, சரி. அது யாரைக் குத்துச்சுன்னு பாத்தீங்களா?"

உன் அண்ணன் என் கையை டீக்கடையில் வைத்து ஏலம் போட்டாரே, அது யாரைக் குத்தியது என்றேன். அவள் ரசத்தை எடுக்கப் போய்விட்டாள்.

மகள் சமைந்தபோது தாய்மாமன் சீர் வரவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் இல்லாத சடங்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரைப் போய்க் கூப்பிட்டது என் மனைவி, நானும் கூடப் போனேன். வாசலில் நின்றேன், உள்ளே வா என்ற சொல் வரவில்லை. என் மனைவியின் பெரியப்பா மகனை மனையில் நிறுத்திச் சடங்கை முடித்தோம். மாலையும் சேலையும் எல்லாம் நான் வாங்கியதுதான், ஒருவருக்கும் குறைவைக்கவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, மாமன் எங்கே என்று என் மனைவியிடம் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுப் போனார்கள். கையில் தாம்பூலத் தட்டோடு அவள் நின்ற நிலை என் கண்ணிலேயே நிற்கிறது. டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னவருக்கு அந்த நிலை தெரியுமா? தெரிந்துதான் வராமல் இருந்தார்.

அதற்குப் பிறகு நான் வளர்ந்தேன். சொந்தமாகக் கேஜ் வாங்கினேன், ஒன்றல்ல. கடை போட்டேன். சிவகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் வண்டிகள் என்னைத் தேடி வந்தன. வருகிறவர்கள் என் வால்வு வேலையைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. எந்தப் பேருக்காக அலைந்தேனோ அதை மீட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மச்சான் இறந்த செய்தி வந்ததும் புளியங்குடிக்குப் போனோம். என் மனைவி உள்ளே போய்விட்டாள். நான் பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். கேட்டது என் காதில் விழுந்தது, பதிலும் விழுந்தது.

"தெரியாதா? மச்சானுக்கே கேஜ் வச்ச மெக்கானிக்கு இவருதான்."

அந்த ஆள் ஓகோ என்று தலையை ஆட்டி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இந்தப் பேர் எத்தனை வருஷமாக எனக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. அது என் காதில் விழ ஒரு சாவு வேண்டியிருந்திருக்கிறது. வால்வு உட்காரவைக்கிறவர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ராயகிரிப் பிளசர் என்ன ஆனது என்றும் ஒருவரும் கேட்கவில்லை. ஓடியது. நான் ரிங்கு மாற்றிக் கொடுத்த பிறகு மேட்டில் ஓர் இடத்திலும் நிற்காமல் ஓடியது.